கட்டையின் இடது பாதி

மூளைக்குள் ரத்தம் கசிந்து மூன்று மாதம் கழித்து, மிக்கேலம்மாள் இன்றைக்குத்தான் வாசல் வெயிலில் தீக்குச்சி அடுக்க உட்கார்ந்திருக்கிறாள். இடது கை மடியில் கிடக்கிறது. வலது கை பழைய வேகத்தில், தீப்பெட்டி ஆலையிலிருந்து வந்த கட்டையின் பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாக வைக்கிறது. "முடிஞ்சிட்டு," என்கிறாள். இடது பாதி முழுக்கக் காலியாக இருப்பது அவள் கண்ணில் படவில்லை; ரத்தம் கசிந்ததிலிருந்து இடப்பக்கம் இருக்கும் எதுவும் அவளுக்கு எட்டுவதில்லை. காலையிலிருந்து இடப்பக்கமே உட்கார்ந்திருக்கும் கணவன் பால்துரை, காலிப் பாதி வலப்பக்கம் வரும்படி, குச்சி சிதறாமல் கட்டையைத் திருப்பி வைக்கிறான். "இது பாதி கெடக்கே," என்று முனகியபடி அவள் மறுபடி அடுக்குகிறாள். "ஏங்க, எங்கன இருக்கிய?" "இங்கனதான் இருக்கேன்." அவள் வலப்பக்கத் தெருவைப் பார்க்கிறாள். பால்துரை எழுந்து, அவளைச் சுற்றி வந்து, வலப்பக்கம் குத்தவைக்கிறான். "காலையிலேருந்து எங்க போனிய?" "கடைக்கு," என்கிறான்.