நன்றிக்கு நடந்தவர்

"போரில் காலில் குண்டடி பட்டும், வருஷம் தவறாமல் பூதலூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே போன பட்டாளத்துக்காரர் நம்ம சூசைமாணிக்கம்!"

முப்பதாம் நாள் பூசையில் சாமியார் சொன்னதும், மகன் ஜெரால்டு தலைகுனிந்தான்.

கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அம்மாவிடம் உடைந்து அழுதான்.

"நான் குடியை விடணும்னுதானேம்மா அப்பா நேர்ந்துக்கிட்டு நடந்தாரு? அந்தக் காலோட நடக்க வேணாமேன்னு, விட்டுட்டேன்னு பொய் சொன்னேன். 'அப்ப மாதாவுக்கு நன்றி சொல்லணும்டா'ன்னு மறுபடியும் நடக்க ஆரம்பிச்சிட்டாரு. கடைசி வரைக்கும் அவரை ஏமாத்திட்டேன்."

அம்மா அணைந்த திரியை மறுபடி பற்றவைத்தாள்.

"வருஷா வருஷம் வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்ததும், கோயில் வாசல்லேருந்தே எனக்குப் போன் பண்ணுவாருடா. ஒரே கேள்விதான் கேப்பாரு. 'இன்னிக்காவது குடிக்காம இருக்கானா?'"