நாற்பத்தைந்து கிலோ

“முழங்கையில தசைநார் அறுந்து பத்து நாள் ஆச்சு. ஏன் உடனே வரல?” டாக்டர் ஷர்மைன் கேட்டார்.

“கொஞ்சம் வேலை இருந்துச்சு டாக்டர்,” என்றார் ரூபேந்திரன். மலேசியாவின் கோத்தா திங்கியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டுபவர்.

“இன்னும் தள்ளிப் போட்டா நார் சுருங்கிடும். நாளைக்கே ஆப்பரேஷன் பண்ணி எலும்போட சேர்த்துடலாம். ஆறு மாசத்துல பழைய பலம் வந்துடும்.”

“சரிங்க.”

“எத்தனை கிலோ தூக்குனப்ப அறுந்துச்சு?”

“நாப்பத்தஞ்சு.”

“ஒரு குலை அவ்வளவு கனமா?” டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

“குலை இல்ல டாக்டர். என் பொண்டாட்டி. வெள்ளம் இழுத்துச்சு, ஒத்தக் கையால புடிச்சிருந்தேன்.”

டாக்டரின் பேனா நின்றது.

“அவ கடைசி வரைக்கும் என் கையை விடல. என் கைதான் அவளை விட்டுடுச்சு. ஆத்தோரமாவே தேடி, நேத்துதான் அடக்கம் பண்ணோம்.”