பத்தொன்பதாவது குழி

"விஜி, போன் மேல கையை வெச்சே, அவ்வளவுதான்! லைன் கட்டாயிடும். கோப்பை போயிடும்!"

டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பின் சின்ன ஹாலில், போனுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, மனைவியை அதட்டியபடி காவல் காத்தார் ஜம்பு. வீட்டில் இருப்பது ஒரே போன் லைன். அதில்தான் இன்டர்நெட்டும் ஓடியது. கம்ப்யூட்டர் முன்னால் அவருடைய மகள் ஸ்ம்ருதி. டெல்லிக்காரர்களுக்கான இன்டர்நெட் கோல்ஃப் போட்டி, இறுதி ஆட்டம்.

நிஜ கோல்ஃப் மைதானத்தை ஜம்பு பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால் மகள் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து வர வர, அவருக்குச் சட்டை பட்டனெல்லாம் தெறித்துவிடும் போலிருந்தது. ஆபீஸில் மட்டும் மூச்சு விடவில்லை. கண் பட்டுவிடுமே!

"என்னடி ஆச்சு?"

"பதினெட்டு குழியும் முடிஞ்சுதுப்பா. ரெண்டு பேரும் சேம் ஸ்கோர்."

"அப்போ கோப்பையை ரெண்டாப் பொளந்து குடுப்பாளா?"

"நோ அப்பா! இன்னும் ஒரு குழி ஆடணும். யார் கம்மி அடியில பந்தை உள்ள தள்றாளோ அவாதான் வின்னர்."

"எதிர்ல ஆடறது யாரு?"

"தெரியாது. 'குல்மோஹர்'னு பேர் வெச்சுண்டிருக்கா. பஹுத் அச்சா ப்ளேயர்."

ஜம்புவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோப்பை பாதி கைக்கு வந்தாயிற்று. இனிமேலும் சொல்லாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். சொன்னால் வேதாந்தத்திடம்தான் சொல்ல வேண்டும். ஆபீஸில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டு, தன் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷமாகக் கழுத்தை அறுத்தவர். இன்றைக்கு அவர் கேட்கட்டும்.

"விஜி, நீ போனைப் பார்த்துக்கோ. இதோ வந்துடறேன்."

பக்கத்து வீட்டு செந்தில்குமாரின் போனிலிருந்து, மந்திர் மார்க்கில் இருக்கும் வேதாந்தம் வீட்டு நம்பரைச் சுழற்றினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

'ஞாயித்துக்கிழமையாச்சே, ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருப்பார்' என்று அலுத்துக்கொண்டு திரும்பினார்.

ஸ்ம்ருதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, குல்மோஹர் லைன் கட்டாயிடுத்து. நடுவுல போனா தோல்வின்னு ரூல். நான் வின்னராம்."

"பகவானே! விஜி, பாயசம் வை!"

"இருங்கோப்பா. வேண்டாம்னு எழுதிட்டேன். திரும்ப ஆடறேன்னு சொல்லியிருக்கேன்."

ஜம்பு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பைத்தியமா உனக்கு? ரூல்னா ரூல்தானே?"

"அவா தோக்கலியே அப்பா. லைன்தானே போச்சு? ரெண்டு பேரும் சமம்னா, ஆடித்தான் பிரிக்கணும். டெலிபோனா வந்து பிரிக்கறது?"

போட்டி நடத்தியவர்கள் சம்மதித்தார்கள். சற்று நேரத்தில் குல்மோஹரும் திரும்பி வந்தார். பத்தொன்பதாவது குழியை முதலிலிருந்து ஆடினார்கள். ஸ்ம்ருதியின் பந்து உருண்டு போய்க் குழியின் விளிம்பில் நின்றது. குல்மோஹரின் பந்து உள்ளே விழுந்தது.

"கைக்கு வந்த கோப்பையைத் தூக்கிக் குடுத்துட்டியேடி!" என்றார் ஜம்பு. அன்று ராத்திரி அவர் மகளிடம் பேசவில்லை.

மறுநாள் காலை ஆபீஸில், ஸ்வீட் டப்பாவை நீட்டியபடி நின்றார் வேதாந்தம்.

"எடுத்துக்கும் ஓய். எங்காத்துக்காரி கோப்பை ஜெயிச்சிருக்கா! இன்டர்நெட் கோல்ஃபாம். குல்மோஹர்னு ஒரு பேரை வெச்சுண்டு, எனக்கே தெரியாம ஆடியிருக்கா!"

ஜம்புவின் கை லட்டுவோடு பாதியில் நின்றது.

"ஆனா ஒண்ணு சொல்லணும். நேத்து நான் மார்க்கெட் போயிருந்த சமயம், எந்த மடையனோ எங்காத்துக்குப் போன் பண்ணியிருக்கான். கால் வெயிட்டிங் இருக்கோல்லியோ, வெளியிலேருந்து போன் வந்தா நெட் கட்டாயிடும். தோத்தாச்சுன்னு இவ அழ ஆரம்பிச்சுட்டா. மணி அடிக்கற போனை எடுக்கக்கூட இல்லை."

"அப்புறம்?" என்றார் ஜம்பு.

"எதிர்ல ஆடினது யாரோ சின்னப் பொண்ணாம். 'இப்படி ஜெயிக்க மாட்டேன், திரும்ப ஆடலாம்'னு எழுதிடுத்தாம்! பொண்ணை எப்படி வளர்த்திருக்கான் பாரும்! அந்த அப்பனைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடுவேன். போன் பண்ணின மடையனைப் பார்த்தா மென்னியைப் பிடிப்பேன்!"

ஜம்புவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெட்கமும் பெருமையுமாக, லட்டுவை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"முதல்ல கும்பிட்டுடும் ஓய். அப்புறமா மென்னியைப் பிடிச்சுக்கலாம். ரெண்டு பேரும் நான்தான்."