நாற்காலியில் அப்பா

"இதோ பாருங்க சார், எங்கப்பா. இருக்கறது வேற ஊரு. ஆனா என் கண்ணுல படாம ஒரு வாய் தண்ணி குடிக்க முடியாது!"

சாப்பாட்டு இடைவேளையில் கணக்குப் பிரிவே எட்டிப் பார்த்தது. செல்ஃபோன் திரையில் கூடம், நாற்காலி, அதில் குல்லாவும் மப்ளருமாக ஒரு பெரியவர்.

தனியாக இருக்கும் அப்பாவின் வீட்டில் கேமரா மாட்டிவிட்டு வந்ததிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆஃபீஸில் அவன் பெயரே 'கேமரா' என்று ஆகிவிட்டது. அதையும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டான்.

"ஃபோன்ல பேச மாட்டீங்களா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"ஃபோன்னா அவர் பேச ஆரம்பிச்சிடுவாரு சார். பழைய கதையெல்லாம் வரும். இதுல நாம மட்டும் பேசினா போதும். அந்தப் பக்கத்துச் சத்தத்தை நிறுத்தி வெச்சிருக்கேன்."

பொத்தானை அழுத்தினான். "அப்பா! கூன் போடாம உக்காருங்க! மாத்திரை போட்டாச்சா?"

பெரியவர் சட்டென்று நிமிர்ந்து தலையாட்டினார்.

"பாத்தீங்களா? முன்னெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சண்டைக்கு வருவாரு. ஒரு வாரமா பெட்டிப்பாம்பா அடங்கிட்டாரு."

"அங்கே கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?"

"அக்கா இருக்கா, ரெண்டு தெரு தள்ளி. ஒரு வாரமா அந்த வீட்டு வாசப்படியை மிதிக்கலை. இருங்க, உங்க முன்னாடியே கேக்கறேன்."

ஸ்பீக்கரைப் போட்டு அக்காவை அழைத்தான்.

"உனக்கே நல்லா இருக்காக்கா? பெத்த அப்பாவை எட்டிப் பாக்கக் கூட நேரமில்லையா? எல்லாத்தையும் இங்கேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்!"

மறுமுனையில் அக்காவுக்குப் பின்னால் சக்கரக் கட்டில் உருளும் சத்தம் கேட்டது.

"நான் ஆஸ்பத்திரியில இருக்கேன்டா. அப்பாவுக்குப் போன வாரம் நெஞ்சு வலி. ஆபரேஷன் ஆச்சு. இப்ப பரவாயில்லை. தம்பிக்கு வேலை கெட்டுடும், சொல்லாதேன்னாரு."

"என்ன விளையாடறியா? இதோ நாற்காலியில..."

"அது எதிர் வீட்டு மாமா. நாற்காலி காலியா இருந்தா நீ பதறிடுவியாம். அப்பாதான் தன் குல்லாவையும் மப்ளரையும் கொடுத்து உக்காரச் சொன்னாரு. பாவம், நீ போடற அதட்டல்ல மாமாவோட கூன் நிமிந்துடுச்சு."

கணக்குப் பிரிவில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அவன் அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் பார்த்தான். விரல் எங்கெங்கோ பட்டது.

"மொத நாள் அப்பா, 'கண்டுபிடிச்சிடப் போறான்'னு பயந்துக்கிட்டே இருந்தாரு." அக்காவின் குரல் தழைந்தது. "இப்ப தெனமும் கேக்கறாருடா, 'இன்னுமாம்மா கண்டுபிடிக்கலை?'ன்னு."