பாடாத பிளேயர்

"யாரும் கிட்ட வராதீங்க! கை பட்டா தட்டுல கோடு விழுந்துடும்!"

ரெக்கார்டு பிளேயரை மறைத்தபடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ராஜமாணிக்கம் போட்ட அதட்டலில், எட்டிப் பார்த்த தலைகள் எல்லாம் பின்வாங்கின.

அவர் மனைவி நீலாவதிக்கு மானம் போயிற்று. எல்லோரையும் கூப்பிட்டதே இவர்தான். தீவு ஊரான மாயாபந்தர் முழுக்கத் தம்பட்டம் அடித்ததும் இவர்தான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. படத்தோட வசனம் பூராவும் தட்டுல வருது. கண்ணை மூடிக்கிட்டா கொட்டகையில உக்காந்த மாதிரியே இருக்கும். நம்ம மிஷின் அப்படி!"

தமிழ்ப் படம் தலைகாட்டாத ஊர். கப்பல் ஜெட்டியில் வேலை செய்பவர்கள், ஆபீஸ்காரர்கள் என்று மத்தியானமே கூடம் நிரம்பிவிட்டது. அந்த இசைத்தட்டை மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த அடுத்த வீட்டு சிசிலியா முன்வரிசையில் இருந்தாள். தங்கச்சி கல்யாணத்துக்கு மெயின்லேண்ட் போனவள், கப்பலில் மடியை விட்டு இறக்காமல் தூக்கி வந்தாளாம்.

சற்றுமுன்தான் ராஜமாணிக்கம் தட்டை உறையிலிருந்து உருவியிருந்தார். ஒரு தரம் பார்த்தவர், சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிவிட்டார். அதட்டல் முடிந்ததும் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார்.

"தாயே! உன் மகன் வருவான்!" என்று கதாநாயகன் முழங்கினான். ஊசி ஒரு குதி குதித்தது. "வருவான்... வருவான்... வருவான்..."

"எப்பய்யா வருவான்? எனக்கு நாளைக்கு டூட்டி இருக்கு" என்றார் காட்டிலாகா குமாஸ்தா குழந்தைவேலு. கூடமே சிரித்தது.

"ஸ்பீட் பதல்கே தேக்கோ, பாபு" என்று, வேகத்தை மாற்றிப் பார்க்க இந்தியில் யோசனை சொன்னார் ஆபீஸ்கார பிஸ்வாஸ் பாபு.

ராஜமாணிக்கம் வேகத்தைக் கூட்டினார். கதாநாயகன் பச்சைப்பிள்ளை குரலில் கீச்சிட்டான். குறைத்தார். எருமை கத்தியது.

"ஊசித் தலைமேல நாலணாக் காசு வையும். குதிக்காது" என்றது ஒரு குரல்.

வைத்தார். காசு துள்ளி உருண்டு பாய்க்கடியில் போயிற்று. ஊசியை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். வருவான் என்ற மகன் வந்தபாடில்லை.

சிசிலியாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. "அண்ணே, தட்டுலதான் ஏதாச்சும்..."

"அப்படித்தான் இருக்கும்! இவகிட்ட ஒரு பொருளைக் குடுத்து முழுசா வந்திருக்கா?" என்று ஆரம்பித்தார் அவள் புருஷன் அந்தோணிமுத்து.

"சும்மா இருய்யா! மவுண்ட் ரோட்டுல வாங்கின தட்டு, சொக்கத் தங்கம்! குறையெல்லாம் இந்த டப்பாவுலதான்" என்று அவரை அடக்கினார் ராஜமாணிக்கம்.

நீலாவதி திடுக்கிட்டாள். நேற்றுகூட நன்றாகத்தானே பாடியது?

"ஜெர்மன் மிஷின், பக்கா சாமான்னு சொன்னீரே?" குழந்தைவேலு விடுவதாயில்லை.

"ஏமாந்துட்டேன்யா. தலையில கட்டிட்டான்."

"எதுக்கும் அந்தத் தட்டைக் குடும், பாப்போம்."

ராஜமாணிக்கம் தட்டை அவசரமாக உறையில் சொருகி மடியில் வைத்துக்கொண்டார். "அதைத் தொடாதேயும்!"

"பாத்தா தேஞ்சா போயிரும்? நல்ல பிசினாரிய்யா நீர்!"

டீயைக் குடித்துவிட்டு ஜனம் கலைந்தது. "டீயாவது தங்குதடையில்லாம வந்துச்சே" என்று குழந்தைவேலு சொன்னது தெருவரைக்கும் சிரிப்பாய்ப் போயிற்று. நீலாவதிக்கு அழுகையே வந்துவிட்டது. இனி தண்ணீர்க் குழாயடியில் எப்படித் தலைநிமிர்ந்து நிற்பது?

வாசலில் சிசிலியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தட்டுல குறையில்லன்னு அண்ணன் சொன்ன பிறகுதான்க்கா எனக்கு உசுரே வந்துச்சு. கப்பல்ல அலைத்தண்ணி தெறிச்சு உறை நனைஞ்சிருச்சு. பூஞ்சை புடிச்சிரக் கூடாதேன்னு, வந்ததும் முதல் வேலையா கருவாட்டுக்குப் பக்கத்துல தகரத்து மேல வெயில்ல நல்லாக் காயப்போட்டுத்தான் குடுத்தேன்."

கப்பலில் வந்த அரிசியோ புடவையோ, வெயில் காட்டாமல் தீவில் யாரும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. நீலாவதி காதில் வாங்காமலே தலையாட்டி அனுப்பிவிட்டு, உள்ளே வந்து புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கிற மிஷினை எதுக்குங்க டப்பான்னீங்க? ஊரே சிரிக்குது! இப்பப் பாருங்க!"

பழைய பாட்டுத் தட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். நாதசுரம் கணீரென்று கிளம்பிற்று.

"அய்யோ, நிறுத்துடி!" ராஜமாணிக்கம் பாய்ந்து வந்து ஊசியைத் தூக்கினார். "சிசிலியா இன்னும் வேலியைத் தாண்டியிருக்க மாட்டா!"

"அவளுக்கும் இதுக்கும் என்ன?"

அவர் வசனத் தட்டை உறையிலிருந்து எடுத்து நீட்டினார். பொரித்த அப்பளம் போல் நெளிந்து கிடந்தது. விளிம்பில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"எடுத்தவுடனே பாத்துட்டேன்" என்றார் மெல்லிய குரலில். "இத்தனை பேருக்கு முன்னால எப்படிடி சொல்றது? பாவம், அந்தோணி அவளை ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவான். மிஷினைத் திட்டினா அது என்ன அழவா போகுது?"

நீலாவதி அந்தச் செதிலை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிசிலியாவின் குரல் வந்தது. "அக்கா! நாதசுரம் கேட்டுச்சே? மிஷின் பாடுதா?"

ராஜமாணிக்கத்துக்கு முகம் வெளுத்தது.

நீலாவதி ஜன்னலுக்குப் போனாள். தெருமுனையில் நிற்கும் குழந்தைவேலுவுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்திச் சொன்னாள்:

"அது ரேடியோ, சிசிலியா! இந்த ஓட்டை மிஷினாவது, பாடறதாவது!"