ரெண்டு போர்டு போதும்

சிந்தசைசர் என்னும் இசைக்கருவிக்கான மின்சுற்றுப் போர்டுகளைத் தனித்தனியாகச் செய்து ராஜபாளையத்தில் விற்றுவந்தார் ஜெய்னுலாப்தீன். 1989இல் ஒருநாள் சுந்தரபாண்டியன் என்பவர் கடைக்கு வந்து, ஒவ்வொன்றையும் ஒலிக்கவிடச் சொல்லிக் கேட்டார்.

“இன்னும் கீழ இறக்குங்க பாய். கொஞ்சம் கரகரப்பு வேணும். ஆங், இப்ப லேசா நடுங்கட்டும்!”

இப்படியும் ஒரு காதா என்று ஜெய்னுலாப்தீன் அசந்துபோனார்.

“கையில இருக்கிற ரூவா ரெண்டு போர்டுக்குத்தான் காணும். சத்தம் எழுப்புறதையும், அதை முரடாக்குறதையும் குடுங்க.”

“கீபோர்டு வேண்டாமா அண்ணாச்சி? பாட்டு எப்படி வாசிப்பீக?”

“ஒரே சுரம் போதும். ஆனா அது அடிவயித்தைக் கலக்கணும்.”

பெரிய மேதைதான். ஜெய்னுலாப்தீன் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

“எந்தக் கச்சேரிக் குழு அண்ணாச்சி?”

“குழுவா? கூமாப்பட்டியில கடலை போட்டிருக்கேன் பாய். மலையிலருந்து காட்டுப்பன்னி இறங்கி அம்புட்டையும் தோண்டிருது. வெடிக்குப் பயப்படல. புலி உறுமுனாத்தான் ஓடும். நான் நேர்ல கேட்டிருக்கேன்.”

ஜெய்னுலாப்தீன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, சுந்தரபாண்டியன் சொல்லச் சொல்லப் போர்டின் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினார்.

வாசலில் படுத்திருந்த வேட்டை நாய், வாலை இடுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடியது.