போட்டிக் கம்பெனியின் புது வசதி

"நம்ம ஆபீஸ்ல ஒரு எட்டப்பன் இருக்கான். எட்டப்பனா, எட்டப்பியான்னுதான் தெரியல!"

குணசேகர் போட்ட சத்தத்தில் எல்லோரும் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார்கள். அவன் மானிட்டரில் போட்டிக் கம்பெனியின் புது வெர்ஷன் ஓடிக்கொண்டிருந்தது.

மருந்துக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் செய்து விற்கிற சின்னக் கம்பெனி இவர்களுடையது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் கலர் ஸ்கிரீன் கொண்டுவந்தால் இவர்கள் பார்கோடு கொண்டுவருவார்கள். இவர்கள் கன்னடத்தில் பில் அடித்தால் அவர்களும் அடிப்பார்கள்.

ஒன்றே ஒன்றுதான் இவர்களிடம் மட்டும் இருந்தது. குழந்தைக்கு மருந்து என்றால் எடையைக் கேட்கும். அந்த எடைக்கு மருந்தின் வீரியம் அதிகமானால் சிவப்புக் கட்டம் வந்து பில்லையே நிறுத்திவிடும்.

எழுதியவள் மெர்சி. போன மழைக்காலத்தில் கடைக்காரர் இருமடங்கு வீரியமுள்ள சிரப்பைத் தவறுதலாகக் கொடுத்துவிட, அவள் மகன் ஆஸ்பத்திரி வரை போய் வந்தான். அந்த பயம் அடங்குவதற்குள் உட்கார்ந்து எழுதியது. அதைக் காட்டித்தான் குணசேகர் ஒவ்வொரு கடையிலும் மார்தட்டுவான்.

"சிவப்புக் கட்டம் இப்ப அவங்ககிட்டயும் இருக்கு. மருந்து வரிசைகூட மாறல. உள்ளேயிருந்துதான் போயிருக்கு." அவன் பார்வை மெர்சியிடம் வந்து நின்றது. "இவங்க வீட்டுக்காரர் எந்தக் கம்பெனின்னு ஊருக்கே தெரியும்."

மெர்சி நாற்காலியை விட்டு எழுந்தாள். "மாதா சத்தியமா நான் கொடுக்கல சார். வீட்டுல நாங்க ஆபீஸ் பேச்சே எடுக்கறதில்ல."

"ஒரே தட்டுல சாப்பிடுவீங்க. ஆபீஸ் பேச்சு மட்டும் தீட்டாக்கும்! மேடம் வரட்டும், இன்னிக்கே சீட்டைக் கிழிக்கச் சொல்றேன்."

"என்ன சத்தம்?" அலர்மேல்மங்கை மேடம் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வாசலில் நின்றார். அவர்தான் முதலாளி.

குணசேகர் சொல்லி முடிக்கும்வரை மெர்சி நிமிரவில்லை. வேலை போனது போனதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அவ கொடுக்கல, குணா. நான் கொடுத்தேன்."

"மேடம்?"

"நானே அவங்க ஆபீசுக்குப் போய், அவங்க முதலாளி தேசிகன் கையில டிஸ்கைக் கொடுத்துட்டு வந்தேன். மெர்சி எழுதினதுன்னு பெருமையா சொல்லிட்டுத்தான் கொடுத்தேன்."

"எவ்வளவுக்கு மேடம்?"

"சும்மாதான்."

"ஐயோ, நம்ம துருப்புச் சீட்டே அதுதானே மேடம்! இனி எதைச் சொல்லி விக்கறது?"

"பார்கோடைச் சொல்லி வில்லு. ஸ்டாக் ரிப்போர்ட்டைச் சொல்லி வில்லு. அதுல அவங்களை மண்ணைக் கவ்வ வைக்கலேன்னா என் பேரை மாத்திக்கறேன். இது மட்டும் எல்லார்கிட்டயும் இருக்கட்டும்."

"அதான் ஏன் மேடம்?"

மேடம் மெர்சியைப் பார்த்தார்.

"பொம்மனஹள்ளியில இவ வீட்டுக்குக் கீழ இருக்கிற மருந்துக் கடையில ஓடறது அவங்க சாஃப்ட்வேர்டா!"